மாற்ற முடியாத கட்டத்தை ஏன் சோதிக்க வேண்டும்?

படிவத்தில் விலை 500 என்று இருக்கிறது, தட்டினாலும் மாறாது. பிறகு அதைச் சரிபார்ப்பது எதற்கு? அந்தப் பூட்டு பிரவுசரில் மட்டுமே இருக்கிறது என்பதால்தான். டெவலப்பர் டூல்ஸைத் திறந்து கட்டத்தைப் பூட்டும் 'ரீட்ஒன்லி' என்ற ஒரே சொல்லை அழித்துவிட்டு 5 என்று அடித்தால், சர்வருக்கு 5தான் போகும்.

பலரும் கவனிக்காத இன்னொன்று: ரீட்ஒன்லி கட்டத்தை பிரவுசர் சோதிப்பதே இல்லை. கூடவே 'ரிக்வயர்டு' (கட்டாயம்) என்று எழுதியிருந்தாலும் காலியாகவே அனுப்பிவிடும். எச்டிஎம்எல் விதியே அப்படித்தான். (ரீட்ஒன்லிக்குப் பதில் 'டிசேபிள்டு' என்று எழுதினால், பிரவுசர் மதிப்பையே அனுப்பாது.)

விலையை இப்படித் திருத்தி அனுப்புவதை எப்படித் தடுப்பது? வந்த விலையை ஒதுக்கிவிட்டு, டேட்டாபேஸில் உள்ளதையே சர்வர் எடுக்க வேண்டும். பைத்தானின் வெப் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோ 1.9 பதிப்பிலிருந்தே இதற்கு வழி தருகிறது: ஃபீல்டில் 'டிசேபிள்டு=ட்ரூ' என்று கொடுத்தால், யார் எதைத் திருத்தி அனுப்பினாலும் தொடக்க மதிப்பையே அது எடுத்துக்கொள்ளும்.