பெயர் ஒன்று, கடன் வேறொருவருடையது

பிளிப்கார்ட்டைத் தொடங்கிய சச்சின் பன்சாலும் பின்னி பன்சாலும் உறவினர்கள் அல்ல. ஸ்னாப்டீலின் ரோகித் பன்சால், லென்ஸ்கார்ட்டின் பியூஷ் பன்சால் வேறு ஆட்கள். இவர்களை யாரும் குழப்பிக்கொள்வதில்லை. ஈரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒரு செந்தில்குமாருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதே பெயர், அதே இனிஷியலில் யாரோ வாங்கிய டிராக்டர் கடனின் பாக்கி, சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்கள் தரும் இவருடைய கடன் அறிக்கையில் ஏறிவிடுகிறது. வங்கியில் "சிபில் சரியில்லை" என்று சொல்லி ஃபைலை மூடிவிடுகிறார்கள். பான் எண்ணை ஒருமுறை ஒத்துப்பார்க்கக்கூட அவர்களுக்கு நேரமில்லை!

அதன்பிறகு நம்மவர்கள் செய்வது இன்னும் மோசம். வங்கி வங்கியாக மனு போடுகிறார்கள். ஒவ்வொரு மனுவும் அறிக்கையில் பதிவாகி கடன் மதிப்பெண்ணைக் குறைக்கிறது. சிபிலைச் சரிசெய்து தருவதாகச் சொல்லும் ஏஜெண்டுக்குப் பணம் கொடுக்கிறார்கள். சிலர் தொல்லை விட்டால் போதும் என்று அந்தப் பாக்கியையே கட்டிவிடுகிறார்கள். கட்டாதீர்கள். கட்டினால் அது உங்கள் கடன்தான் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

கடனை மறுத்த காரணத்தை எழுத்தில் கேளுங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் நான்குமே ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் எடுங்கள். உங்களுடையதல்லாத கணக்கின் எதிரே கடன் கொடுத்த நிறுவனம், கணக்குத் தொடங்கிய தேதி இருக்கும். அறிக்கையின் கட்டுப்பாட்டு எண்ணையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அறிக்கை தந்த அந்தந்தத் தகவல் நிறுவனத்தின் இணையதளத்தில், "இந்தக் கணக்கு என்னுடையதல்ல" என்று புகார் பதியுங்கள். கடன் கொடுத்த வங்கி ஒப்புக்கொள்ளாமல் அவர்களால் திருத்த முடியாது. ஆகவே அதே நாளில் அந்த வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் பான், ஆதார் நகல்களோடு எழுதுங்கள். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். புகார் எண் இல்லையென்றால் புகாரே இல்லை.

30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதற்குமேல் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்கு உரியது. ரிசர்வ் வங்கியின் இந்த உத்தரவு 2024 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளது. கேட்காமல் தருவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். 30 நாள் கடந்தும் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் இணையதளம் வழியே முறையிடலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. விவரம் கேட்க 14448.

மறுபடியும் சொல்கிறேன்: புகார் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தப் பாக்கியில் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். திருத்திய அறிக்கை வந்ததும் புகார் எண்ணோடு அதை அடுத்த கடன் மனுவில் இணைத்துக் கொடுங்கள்.