‘அனுமதி’ என்று அழுத்தும் விரல்

முகூர்த்த நாள் நெருங்கினால் திருப்பாதிரிப்புலியூர் வீடுகளுக்கும் கல்யாணப் பத்திரிகை இப்போது வாட்ஸ்அப்பில்தான் முதலில் வந்து சேர்கிறது. அப்படி வரும் சில பத்திரிகைகள் பத்திரிகையே அல்ல என்று 2024-இல் இமாச்சலப் பிரதேச போலீஸ் எச்சரித்தது. கோப்பின் பெயர் ‘ஏபிகே’ என்று முடியும். தொட்டால் மணமக்கள் பெயருக்குப் பதில் ஒரு செயலி போனில் ஏறிக்கொள்ளும்.

போன் சும்மா இருந்துவிடவில்லை. தெரியாத இடத்துச் செயலியை ஏற்றலாமா, எஸ்எம்எஸ்ஸைப் படிக்க விடலாமா என்று ஆண்ட்ராய்டு கேட்கத்தான் செய்கிறது. பத்திரிகையைப் பார்க்கும் அவசரத்தில் விரல் ஒவ்வொரு முறையும் ‘அனுமதி’யை அழுத்துகிறது. வங்கியின் ஓடிபி அதன்பின் மோசடிக்காரர் கையில்.

படிக்காதவர்கள்தான் இப்படி ஏமாறுவார்கள் என்பது தவறு. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல் சோதித்தபோது, செயலியை நிறுவும் நேரத்தில் அனுமதிப் பட்டியலைக் கவனித்தவர்கள் 17 சதவீதம் பேர்தான். 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6, தேவைப்படும்போது மட்டும் தனித்தனியாகக் கேட்கும் முறைக்கு மாறியது. நல்ல மாற்றம். ஆனால் கணினியில் ‘விண்டோஸ் விஸ்டா’ ஏற்கெனவே காட்டிய பாடம் ஒன்று உண்டு: தொட்டதற்கெல்லாம் கேள்வி வந்தால், ஆட்கள் படிப்பதை விட்டுவிடுவார்கள்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது ‘ஆக்ஸசிபிலிட்டி’ அனுமதி. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காகத் திரையைப் படித்துச் சொல்லவும், அவர்கள் சார்பில் பொத்தானை அழுத்தவும் உருவான வசதி அது. அதைக் கைப்பற்றிய செயலி, அடுத்து வரும் கேள்விகளுக்குத் தானே ‘அனுமதி’ அழுத்திக்கொள்ள முடியும்.

கடன் செயலிகளின் கதை வேறு. சிதம்பரத்தில் படிக்கும் மகனுக்குக் கட்டணம் கட்ட நாளை கடைசி நாள். தொடர்பு எண்களைக் கொடுத்தால்தான் கடன் என்கிறது செயலி. அந்தத் தகப்பனால் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியுமா? தவணை தவறினால் அதே எண்களுக்கு அவதூறு போகும். அவரைக் காக்க வேண்டியது சட்டம்தான். கடன் செயலிகள் தொடர்பு எண்களையும் கோப்புகளையும் தொடக் கூடாது என்று 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதித்தது. 2023 மே 31 முதல் கூகுள் பிளே ஸ்டோரும் எண்களையும் புகைப்படங்களையும் எடுக்கத் தடை போட்டது. கேள்வியே எழாமல் கதவைச் சாத்திய இடம் இது.

கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறவும் வழி உண்டு. போனின் செட்டிங்ஸில் அனுமதிகள் பகுதிக்குப் போய் ‘எஸ்எம்எஸ்’ஸைத் தொட்டால், எந்தெந்தச் செயலி குறுஞ்செய்தியைப் படிக்கிறது என்று வரிசையாகத் தெரியும். பெயர் தெரியாதது இருந்தால் நீக்கிவிடலாம். பணமே போய்விட்டிருந்தால், தாமதிக்காமல் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-ஐ அழைக்க வேண்டும்.