ஓடாத வண்டியும் ஓமின் விதியும்

திருகோணமலை நகரம் ஒருபுறம் அமைதியான உட்டுறைமுகத்தையும் மறுபுறம் வங்காள விரிகுடாவின் அலைவாய்க் கரையையும் கொண்டு, இரு நீர்ப்பரப்புகளுக்கிடையே ஒடுங்கிய நிலமாக அமைந்துள்ளது. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றெனப் புகழப்படும் இத்துறையைக் கைக்கொள்ள ஐரோப்பியர் பலர் போட்டியிட்டனர். 1957ஆம் ஆண்டு வரை ஆங்கிலேயரின் கடற்படைத் தளம் இங்கு நிலைபெற்றிருந்தது. நகருக்குப் பெருமையும் பிழைப்பும் தந்த அதே கடல், அங்கு ஓடும் மோட்டார் வண்டிகளுக்கு மட்டும் ஓயாத பகையாய் உள்ளது. வாடைக்காற்று வீசும் மாதங்களில் அலையினின்றெழும் நுண்ணிய உப்புத்துளிகள் வண்டியின் மூடிக்குக் கீழும் புகுந்து கம்பி இணைப்புகளிற் படிகின்றன. உப்போ காற்றின் ஈரத்தைத் தன்பால் ஈர்க்கும் இயல்பினது; ஆதலின் மழை நின்ற பின்னரும் அவ்விடம் எளிதில் உலர்வதில்லை. கரையோரத்து வண்டிகள் புறப்பட மறுப்பதற்குரிய மின்குறைகளுட் பல இவ்வாறே தோன்றுகின்றன.

கொட்பே மீன்பிடித் துறையில் விடியற்காலையில் மீனும் பனிக்கட்டியும் ஏற்றிய சிறு லொறி ஒன்று நிற்கின்றது எனக் கொள்வோம். சாரதி திறப்பைத் திருப்புகிறார், 'கடகட' என்னும் ஓசை மாத்திரம் எழுகின்றது, எந்திரம் சுழலவில்லை. கூடி நின்றோருள் ஒருவர், பற்றரி இறந்துவிட்டது என்கிறார். மற்றொருவர் முன்விளக்குகளை எரித்துக் காட்டி, விளக்கு இவ்வளவு ஒளியுடன் எரியும்போது பற்றரிக்குக் குறையில்லை, ஸ்ரார்ட்டர் எனப்படும் தொடக்கி மோட்டாரே பழுது என்கிறார். பனிக்கட்டி உருகிக்கொண்டிருக்கின்றது. ஈற்றிற் புதுப் பற்றரி வாங்கிப் பூட்டப்படுகின்றது, வண்டியும் புறப்படுகின்றது. ஆயின் ஒரு கிழமை கழியுமுன் மீண்டும் அதே ஓசை, அதே நிலை. உரியவர் பணத்தையும் இழந்தார், குறையையும் தீர்த்திலர்.

இத்தகைய இழப்பு இக்காலத்தில் அற்பமானதன்று. 2020ஆம் ஆண்டிலிருந்து பல ஆண்டுகள் இலங்கையில் வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்தமையால், பழைய வண்டிகளையே பேணி ஓட்டவேண்டிய நிலை மக்களுக்கு ஏற்பட்டது. வண்டி முதிரக் கம்பிகளும் முதிர்கின்றன. தேவையற்ற உறுப்பொன்றை மாற்றுவது, ஒரு குடும்பத்தின் ஒரு மாத உணவுச் செலவை வீணாக்குவதற்கு ஒப்பாகலாம். ஆதலின் குறையறியும் முறை பயனுள்ள கல்வியாகின்றது.

முதற்கண் மின்னோட்டம் செல்லும் வழியை அறிதல் வேண்டும். 1912ஆம் ஆண்டிற் சார்ள்ஸ் கெற்றரிங் என்பாரின் மின்தொடக்கி கடிலாக் வண்டிகளிற் பொருத்தப்பட்டது. அதற்கு முன்னர்ப் பெரும்பாலான வண்டிகளின் எந்திரங்கள் கைப்பிடியாற் சுற்றப்பட்டே உயிர்பெற்றன. இன்றைய வண்டியிற் பற்றரியின் நேர்முனையிலிருந்து தடித்த கம்பி தொடக்கி மோட்டாருக்குச் செல்கின்றது. மோட்டாரிலிருந்து மின்னோட்டம் திரும்பிவரத் தனிக்கம்பி இல்லை. எந்திரத்தின் இரும்புடலும் வண்டியின் உடலும் அவற்றைப் பிணைக்கும் பட்டையுமே பற்றரியின் எதிர்முனைக்குத் திரும்பும் பாதையாகின்றன. ஒரு காலத்தில் இலங்கை வீதிகளை நிறைத்திருந்த பழைய மொறிஸ் மைனர் வண்டிகளில் நேர்முனையே உடலோடு பிணைக்கப்பட்டிருந்தது. முனை மாறினும் தத்துவம் ஒன்றே. பாதை முழுவட்டமாய் இருத்தல் வேண்டும். போகும் வழியை மட்டும் ஆராய்ந்து, திரும்பும் வழியை மறந்துவிடுவதே பலர் செய்யும் முதற்பிழை.

இரண்டாவது பிழை, விளக்கெரிவதைச் சான்றாகக் கொள்வது. இதனை விளக்குவது ஓமின் விதி. ஜோர்ஜ் சைமன் ஓம் என்பவர் ஜேர்மனியின் கொலோன் நகரத்திற் பாடசாலை ஆசிரியராயிருந்து, மாணவர்க்குரிய ஆய்வுகூடக் கருவிகளைக் கொண்டே ஆராய்ந்து, 1827ஆம் ஆண்டில் தம் முடிபை நூலாக வெளியிட்டார். அவர் நாட்டவர் முதலில் அதனைப் போற்றினாரல்லர். இலண்டன் அரச கழகம் 1841ஆம் ஆண்டிற் கொப்லி பதக்கம் அளித்துச் சிறப்பித்தது. கடத்தியொன்றில் இழக்கப்படும் அழுத்தம், அதனூடு பாயும் மின்னோட்டத்தையும் அதன் தடையையும் பெருக்கிய தொகைக்குச் சமம் என்பது அவ்விதியின் சாரம்.

மேற்கூறிய லொறியின் பற்றரி இணைப்பில் 0.02 ஓம் தடை ஏற்பட்டுவிட்டது எனக் கொள்வோம். முன்விளக்குகள் இரண்டும் ஏறத்தாழ 9 அம்பியர் மின்னோட்டத்தையே வேண்டுவன. அப்போது இணைப்பில் இழக்கப்படுவது 0.18 வோல்ற்று மாத்திரமே. கண்ணுக்கு அவ்வேறுபாடு புலனாகாது. தொடக்கி மோட்டாரோ 200 அம்பியர் வேண்டுவது எனின், அதே இணைப்பில் இழப்பு 4 வோல்ற்று ஆகும். 12 வோல்ற்றில் மூன்றிலொரு பங்கு வழியிலேயே கொள்ளை போகுமாயின், மோட்டார் தனக்கு வேண்டிய மின்னோட்டத்தைப் பெறவும் மாட்டாது. கனத்த எந்திரத்தைச் சுழற்றவும் மாட்டாது. சிறு சுமையைத் தாங்கும் பாலம் பெருஞ்சுமையைத் தாங்கும் என்பதற்கு உறுதியில்லை. கம்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு, தொடர்பு உண்டா இல்லையா எனக் கருவியாற் சோதிப்பதும் இக்குறையுடையதே. பல இழைகளுள் ஓரிழை எஞ்சியிருப்பினும் கருவி 'தொடர்பு உண்டு' என்றே கூறும். எனவே, ஓர் இணைப்பு நல்லதா என்பதை அது சுமையைத் தாங்கும் வேளையிலேயே அளந்தறிதல் வேண்டும்.

அத்தடை எங்கிருந்து வந்தது? பற்றரியின் அமில ஆவியும் கடலின் உப்பீரமும் சேர்ந்து, ஈய முனையையும் செப்புக் கம்பியையும் அரிக்கின்றன. வெவ்வேறு உலோகங்கள் உப்பீரத்திற் பொருந்தியிருக்கும்போது அவ்விடமே ஒரு சிறு மின்கலமாகி அரிப்பை விரைவுபடுத்துகின்றது. வெண்பொடியாகவும் பச்சைக் களிம்பாகவும் அது வெளிப்படும். சில வேளை கம்பியின் உறைக்குள்ளேயே பரவிக் கண்ணுக்கு மறைந்திருக்கும். செம்பிற் களிம்பு அதனுடன் தொன்றுதொட்டே உள்ளது என்பதை ஆணவமலத்துக்கு உவமையாகச் சைவ சித்தாந்தம் கூறும். பற்றரியின் களிம்போ இடையில் வந்தது, அகற்றக்கூடியது.

இனி, ஆராயும் முறையைக் காண்போம். முன்விளக்கை எரியவிட்டுத் திறப்பைத் திருப்புக. நோக்கவேண்டியது திறப்பைத் திருப்பும் கணத்தில் விளக்கு என்ன ஆகின்றது என்பதே. விளக்கு மங்கி, 'கடகட' ஒலி எழுந்தால், பெருமின்னோட்டம் பாய முயன்று தோற்கின்றது என்பது பொருள். பற்றரியின் ஆற்றற்குறையோ முதன்மைப் பாதையின் தடையோ காரணமாதல் பெரும்பான்மை. விளக்கு சற்றும் மங்காது, ஓசையும் எழாதாயின், ஆளியிலிருந்து வரும் சிறுகம்பியையும், சொலினொயிட் எனத் தொழிலாளர் வழங்கும் வரிச்சுருளையும் ஆராய்தல் வேண்டும். எந்திரம் வழக்கமான வேகத்திற் சுழன்றும் பற்றிக்கொள்ளவில்லையாயின், தொடக்கி மோட்டாரைக் குறைகூற இடமில்லை. தீப்பொறியையோ எரிபொருளையோ நாடுக.

லொறியின் நிலை முதல்வகையைச் சார்ந்தது. இப்போது வோல்ற்றுமானியை எடுத்துப் பற்றரியின் இரு ஈய முனைகளிலும் நேராக வைத்தளக்க. ஓய்ந்திருக்கும் வேளையில் 12.6 வோல்ற்றளவு காட்டின் நிறைவான மின்னேற்றம், 12.2 எனிற் பாதியளவு. பின் ஒருவர் திறப்பைத் திருப்ப, மற்றொருவர் அளவை நோக்குக. 9.6 வோல்ற்றுக்குக் கீழே வீழுமாயின், மின்னேற்றம் குறைவு அல்லது பற்றரி தளர்ந்தது எனலாம். மின்னேற்றி மீளச் சோதித்த பின்னரே புதிது வாங்குக. வீழாது நின்றும் எந்திரம் சுழலாதாயின் பற்றரி குற்றமற்றது. அடுத்து, கருவியின் ஒரு முள்ளை எதிர்முனையின் ஈயத்திலும், மறுமுள்ளை அதனைப் பற்றியிருக்கும் கவ்வியிலும் வைத்து மீண்டும் திறப்பைத் திருப்புக. நல்ல இணைப்பாயிற் கருவி ஏறக்குறையச் சுழியையே காட்டும். ஒரு வோல்ற்றோ இரண்டோ காட்டுமாயிற் கள்வன் அகப்பட்டான். அகப்படாவிடிற் கவ்வியிலிருந்து உடலுக்கும், உடலிலிருந்து எந்திரத்துக்கும், பின் நேர்முனைப் பாதைக்குமாகப் படிப்படியே செல்க. திரும்பும் பாதை முழுவதிலும் இழப்பு அரை வோல்ற்றை மிஞ்சலாகாது.

மாலையில் நன்றாய் ஓடிய வண்டி காலையில் எழ மறுப்பது வேறொரு நோய். எங்கோ மறைவாக மின் கசிகின்றது. அரை அம்பியர் கசிவு ஒருநாளில் 12 அம்பியர்-மணியை உண்ணும். 40 அம்பியர்-மணிப் பற்றரி மூன்று நாளில் ஏறக்குறைய வெறுமையாகும். எல்லாவற்றையும் நிறுத்தி, அம்பியர்மானியைத் தொடராக இணைத்து, உருகிகளை ஒவ்வொன்றாய்க் கழற்றினால், எதனைக் கழற்றும்போது கசிவு நிற்கின்றதோ அச்சுற்றே குறையுடையது. இக்கருவியைப் பொருத்தியிருக்கும்போது எந்திரத்தைத் தொடக்க முயலலாகாது. எந்திரம் ஓடும்போது பற்றரி முனையில் ஏறத்தாழ 14 வோல்ற்று காணப்படாவிடின், மின்னேற்றும் பொறியையும் ஐயுறுக.

வேலை தொடங்குமுன் கியரை நடுநிலையில் வைத்துக் கைத்தடுப்பை இறுக்குக. பற்றரியிலிருந்து எழும் ஐதரசன் வாயு தீப்பொறிபடின் வெடிக்கும். ஆதலின் அதனருகே சுருட்டும் தீக்குச்சியும் ஆகா. கழற்றும்போது உடலோடு பிணைந்த கம்பியை முதலிலும், பூட்டும்போது அதனை இறுதியிலும் கொள்க.

மீன் லொறியின் செய்தி இனி எளிதில் விளங்கும். புதுப் பற்றரி பூட்டியபோது கவ்வி அசைந்து, களிம்பின் ஒருபகுதி உதிர்ந்தமையால் வண்டி சின்னாள் ஓடிற்று. உப்பீரம் மீண்டும் படிந்ததும் பழைய குறை திரும்பிற்று. பழைய பற்றரியிற் குற்றமில்லை, ஸ்ரார்ட்டரிலும் குற்றமில்லை. அப்பச்சோடா கலந்த வெந்நீராற் கவ்வியைக் கழுவி, உலர்த்தி, மணற்றாளால் உலோகம் ஒளிரத் தேய்த்து, இறுகப் பூட்டி, மேலே வசலின் பூசுவதோடு அக்குறை தீர்ந்திருக்கும். கல்லூரி ஆய்வுகூடத்தில் மாணவன் தடையை அளக்கும் அதே வோல்ற்றுமானியே, துறைமுக வீதியிற் பனிக்கட்டி உருகுமுன் அம்முடிபைத் தரவல்லது. தேர்வுக்காகப் படித்த விதி அங்கு ஒரு குடும்பத்தின் அன்றைய உழைப்பைக் காத்துக் கொடுக்கின்றது.