காடும் நாடும்

புதுச்சேரி நகருக்கு வடக்கே, கடலோரமாக அமைந்த ஊர் பிள்ளைச்சாவடி. மீனவர் வாழும் அவ்வூரை அடுத்த பகுதிகளில் தென்னையும் சவுக்கும் மிகுதி. மேற்கே செல்லச் செல்ல நிலம் மெல்ல உயர்ந்து செம்மண் மேடாகின்றது. முற்காலத்தில் அம்மேட்டில் காயா, வீரை, பாலை முதலிய மரங்கள் செறிந்த காடு இருந்தது. நெடுங்கோடையிலும் பசுமை மாறாமல் நிற்கும் இயல்பின அம்மரங்கள். விறகிற்கும் வீடு கட்டுதற்கும் மக்கள் அவற்றை வெட்டினர். தழைக்க முயன்ற தளிர்களை ஆடுமாடுகள் மேய்ந்தன. 1968-ஆம் ஆண்டில் அங்கே ஆரோவில் நகர் தொடங்கப்பெற்றபோது, மழைநீர் அரித்த பள்ளங்களும் ஆங்காங்கே நின்ற பனைகளுமே கண்ணுக்குத் தெரிந்தன.

புதுச்சேரி 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அந்தப் பிரான்சு நாட்டின் காடும் ஒரு காலத்தில் தேய்ந்ததே. கப்பல் கட்டவும், இரும்பு உருக்கவும், குளிர் காயவும், உழவு நிலம் பெருக்கவும் மரங்கள் வீழ்ந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எஞ்சியது ஏறத்தாழ 90 இலட்சம் எக்டேர் காடே. 1827-இல் இயற்றப்பெற்ற வனச் சட்டம் வெட்டுதலையும் மேய்த்தலையும் கட்டுப்படுத்தியது. ஆயினும் சட்டம் ஒன்றே காட்டைக் காத்தது என்பது பொருந்தாது. விறகின் இடத்தை நிலக்கரி பிடித்தது. மலைச்சரிவில் உழுதவர் நகரங்களுக்குக் குடிபெயர, விட்டுச்சென்ற வயல்களில் மரங்கள் தாமே முளைத்தன. தென்மேற்கே லாந்து என்னும் மணற்பரப்பில், 1857-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பைன் மரங்கள் நடப்பட்டன. இன்று அந்நாட்டின் காடு சுமார் 1 கோடியே 70 இலட்சம் எக்டேர்.

காடு இவ்வாறு தேய்ந்து பின் வளர்வதை, ஸ்காட்லாந்தைச் சேர்ந்த புவியியலறிஞர் அலெக்சாண்டர் மாதர் ஆராய்ந்து, அதற்குக் ‘காட்டு நிலைமாற்றம்’ எனப் பொருள்படும் பெயரிட்டார்.

ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 2020-இல் வெளியிட்ட கணக்கை நோக்குவோம். 2010 முதல் பத்தாண்டுகளில், புதிதாக வளர்ந்தவை போக, ஆப்பிரிக்கா ஆண்டுதோறும் 39 இலட்சம் எக்டேர் காட்டையும், தென்னமெரிக்கா 26 இலட்சம் எக்டேரையும் இழந்தன. ஐரோப்பாவிலோ காடு சற்றே பெருகியது. இதனைக் கொண்டு, ஏழை நாடுகள் காட்டை அழிக்கின்றன, செல்வ நாடுகள் காக்கின்றன என முடிவு கட்டுதல் எளிது. ஆனால் அது பத்தாண்டுக் கணக்கு. ஐரோப்பா தன் காட்டை வெட்டியது முன்னைய நூற்றாண்டுகளில். அவ்வெட்டு இப்பட்டியலில் இல்லை. அன்றியும், வெப்பநாடுகளில் காட்டை அழித்து விளைவிக்கப்படும் சோயாவும் பாமாயிலும் அயல்நாட்டுச் சந்தைகளுக்கே பெரிதும் செல்கின்றன. பாமாயிலை மிகுதியாக வாங்கும் நாடு இந்தியா என்பதையும் மறைத்தற்கில்லை. செல்வம் பெருகும்வரை காத்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. நடு அமெரிக்காவிலுள்ள சிறுநாடாகிய கோஸ்டாரிக்காவில் 1980-களில் காடு வெகுவாகச் சுருங்கியிருந்தது. காட்டை வெட்டாது காப்போர்க்கு அரசே பணம் அளிக்கும் முறை 1997-இல் அங்குத் தொடங்கியது. இன்று அந்நாட்டில் பாதிக்கு மேல் காடு.

இந்தியாவில் காட்டுப் பரப்பு 2021-ஆம் ஆண்டு அறிக்கையின்படி 7,13,789 சதுர கிலோமீட்டர். நாட்டின் பரப்பில் 21.71 விழுக்காடு. ஒரு எக்டேருக்குக் குறையாத நிலத்தில், பத்தில் ஒரு பங்கேனும் மரநிழல் இருந்தால், அது யாருடைய நிலமாயினும், எம்மரமாயினும், இக்கணக்கில் சேரும். சில ஆண்டுகளில் வெட்டுதற்கென்றே வளர்க்கும் சவுக்குத் தோப்பும் அவ்வாறே.

பிள்ளைச்சாவடிக்கு மேற்கேயுள்ள செம்மண் மேட்டில் ஆரோவில் மக்கள் முதலில் வரப்புகள் அமைத்து மழைநீரைத் தேக்கினர். பின்னர் விரைந்து வளரும் வேல மரங்களை நட்டனர். அவற்றின் நிழல் படர்ந்த பிறகே, பழங்கோயில் தோப்புகளில் பிழைத்திருந்த மரங்களின் விதைகளைத் திரட்டி வந்து, வீரையும் காயாவும் வளர்க்கத் தொடங்கினர்.