இரண்டு ரூபாய் டையோடும் அந்தர காந்தாரமும்

சுசீந்திரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் மின்கிட்டார் ஒன்றும் புதுச் சரக்கில்லை. அம்மன் கோயில் கொடையில் மெல்லிசைக் கச்சேரி வைத்தால் மேடையில் ஒரு கிட்டார் இருக்கும். ஞாயிறு காலை தேவாலயப் பாடகர் குழுவில் கீபோர்டுக்குப் பக்கத்தில் இன்னொன்று இருக்கும். வாசிப்பவரின் காலடியில் உள்ளங்கை அளவு உலோகப் பெட்டி ஒன்று கிடக்கும். பாட்டின் நடுவே அதை மிதித்தால், அதுவரை அடக்கமாக ஒலித்த தந்தி சட்டென்று கரகரத்துச் சீறும். இதுதான் ஓவர்டிரைவ் பெடல். பேர்பெற்ற பெடல்களின் நகல்கள் இப்போது மூலத்தின் விலையில் ஒரு சிறு பங்குக்கே கிடைக்கின்றன. வாங்கியவர்கள் சொல்லும் குறையும் ஏறக்குறைய ஒன்றுதான்: "மூக்கால பாடுன மாதிரி இருக்கு, அடி கனமே இல்ல."

மூடியைக் கழற்றிச் சில பாகங்களை மாற்றினால் இந்தக் குறை தீரும் என்று ஒரு பேச்சு உண்டு. தீரத்தான் செய்யும். ஆனால் மாற்றச் சொல்லும் பட்டியலில் பாதி இயற்பியல், மீதி நம்பிக்கை. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டுமானால் இந்தப் பெட்டி ஒலியை என்ன செய்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

செய்வது ஒரே வேலை, கெடுப்பது. கிட்டாரிலிருந்து வரும் மின்னலையை முதலில் பெரிதாக்குகிறது. பிறகு ஓர் உயரத்துக்கு மேல் போக விடாமல் தடுக்கிறது. மரக்காலில் நெல்லைக் குவித்து, விளிம்போடு ஒரு கோலை ஓட்டி வழித்துவிடுவார்களே, அதேதான். குவியலாக இருந்த அலையின் முகடு தட்டையாகிறது. கோலின் வேலையைச் செய்வது டையோடு. சிலிக்கன் டையோடு ஏறத்தாழ 0.6 வோல்ட் வரை மின்சாரத்தை அனேகமாக மறித்து நிற்கும், அதற்கு மேல் போனால் வழிவிட்டுவிடும். எதிரெதிர் திசையில் இரண்டு டையோடுகளை வைத்தால் அலையின் மேல் முகடும் கீழ்ப் பள்ளமும் ஒரே அளவில் வழிக்கப்படும்.

முகடு தட்டையானால் காதுக்கு ஏன் புதுச் சுரங்கள் கேட்க வேண்டும்? வழவழப்பான தூய அலையில் ஒரே ஓர் அதிர்வெண்தான் உண்டு. அதன் வடிவத்தைச் சிதைத்தால், அந்தச் சிதைவு மூல அதிர்வெண்ணின் மடங்குகளாக வெளிப்படும். கிட்டாரின் ஐந்தாம் தந்தி நொடிக்கு 110 முறை அதிர்கிறது. மேலும் கீழும் சமமாக வழித்தால் ஒற்றைப்படை மடங்குகள், அதாவது 330, 550, 770 ஆகியவை கூடும். 110ஐ ஸட்ஜமாக வைத்துப் பாருங்கள். 330 மேல் ஸ்தாயிப் பஞ்சமம். 550 அதற்கும் மேல் ஸ்தாயியின் அந்தர காந்தாரம். ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் வழித்தால் 220, 440 என்று இரட்டைப்படை மடங்குகளும் வந்து சேரும். அவை அதே ஸட்ஜத்தின் மேல் ஸ்தாயிகள் என்பதால் ஒலி முறுக்கேறாமல் பருமனாகிறது.

அந்தர காந்தாரம் என்றதும் கச்சேரி கேட்கும் பழக்கம் உள்ளவர்களுக்குத் தம்பூரா நினைவுக்கு வந்திருக்கும். நன்றாகச் சுருதி சேர்த்த தம்பூராவில், மந்தர ஸட்ஜத் தந்தியிலிருந்து யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் மிதந்து வரும். தந்தியின் ஐந்தாம் மடங்கு அது. அதை வரவழைப்பது குதிரைக்கும் தந்திக்கும் நடுவே செருகும் ஜீவாளி நூல். அதை மயிரிழை நகர்த்தினாலும் ஒலி மாறுகிறது, எடுத்துவிட்டால் தம்பூரா மொட்டையாகிவிடுகிறது.

கல்கத்தாவில் இதை ஆராய்ந்தவர் திருச்சிக்காரர் சி.வி. ராமன். இந்தியத் தந்தி வாத்தியங்கள் குறித்த அவரது கட்டுரை 1921இல் வந்தது. அதுவரை பாடப்புத்தக விதி இப்படி இருந்தது: தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் அசையாப் புள்ளி உள்ள மடங்குகள் ஒலிக்கக் கூடாது. நட்டநடுவில் மீட்டினால் இரட்டைப்படை மடங்குகள் இருக்கக் கூடாது. தம்பூராவும் வீணையும் இந்த விதிக்குக் கட்டுப்படவில்லை என்று ராமன் காட்டினார். தந்தி ஒவ்வோர் அதிர்விலும் நூலையோ வளைந்த குதிரையையோ உரசிச் செல்கிறது. இருக்கக் கூடாத மடங்குகளை அந்த உரசல் உண்டாக்குகிறது. ஜீவாளி நூல் தந்தியில் செய்வதைப் பெடலுக்குள் டையோடு மின்சாரத்தில் செய்கிறது. வழிமுறை வேறு, ஒழுங்கான அலையைக் குலைத்து மேல் சுரங்களைப் பெறும் உத்தி ஒன்று. கரகரப்பு மேல்நாட்டு இரைச்சல், நம் காதுக்கு ஆகாது என்று சொல்பவர்களிடம் எனக்கு ஒத்துப்போவதில்லை. நாம் நூல் செருகியே செய்த காரியம் இது.

ஒற்றைத் தந்தி மட்டும் என்றால் கதை இத்தோடு முடியும். இரண்டு தந்திகள் சேர்ந்து ஒலிக்கும்போதுதான் பெடல் தன் குணத்தைக் காட்டும். 110 அதிர்வில் ஒரு ஸ, 165 அதிர்வில் ஒரு ப. இரண்டும் ஒரே டையோடு வழியே போனால் மடங்குகள் மட்டுமல்ல, கூட்டலும் கழித்தலும் பிறக்கும். கழித்தால் 55, கீழ் ஸ்தாயி ஸட்ஜம். கூட்டினால் 275, அதாவது மேல் ஸ்தாயி அந்தர காந்தாரம். ராக் இசைக்காரர்கள் பெடலை மிதித்ததும் ஸ-ப இணையை மட்டும் பிடிப்பது இதனால்தான். இரண்டு விரலில் பிடித்ததற்குக் கீழே ஓர் அடித்தளமும் மேலே ஒரு காந்தாரமும் இலவசமாகக் கிடைக்கின்றன.

ஸ-கா பிடித்தால் நிலைமை தலைகீழ். கிட்டாரின் மெட்டுகள் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபங்காகப் பிரித்துப் பதிக்கப்பட்டவை. அந்தக் கணக்கில் காந்தாரம் 137.5இல் நிற்காமல் 138.6க்குப் போய்விடுகிறது. ஸட்ஜத்தின் ஐந்தாம் மடங்கு 550, இந்தக் காந்தாரத்தின் நான்காம் மடங்கு ஏறக்குறைய 554. பெடல் இல்லாதபோது மெலிந்து கிடந்த இந்த இரண்டையும் பெடல் தூக்கி நிறுத்திவிடுவதால், அவை நொடிக்கு நான்கு முறைக்கு மேல் மோதி அதிர்கின்றன. குற்றம் பெடலின் விலையில் இல்லை. எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கினாலும் இது இருக்கும்.

சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் அலங்கார மண்டபத்தில் தட்டினால் ஒலிக்கும் தூண்கள் உண்டு. ஒரே கல்லில் கொத்தாகச் செதுக்கிய சிறு தூண்கள். ஒன்று சிதார் போல, ஒன்று மிருதங்கம் போல, ஒன்று தம்பூரா போல ஒலிக்கும் என்பார்கள். அந்த ஒலியை இந்தப் பெடலுக்குள் விட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு. ஹம்பி விட்டலர் கோயிலின் இசைத்தூண்களைக் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தார் ஆராய்ந்து 2008இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தூண் வளைந்து அதிர்வதால் அந்த ஒலி பிறக்கிறது என்பது அவர்கள் கண்டது. இரு முனையும் இறுகப் பிடிக்கப்பட்ட சீரான தண்டு அப்படி அதிரும்போது, அதன் அதிர்வெண்கள் தந்தியைப் போல 1, 2, 3 என்று போகாது, 1, 2.76, 5.40 என்று தாவும். அடிச்சுரம் 400 என்று வைத்துக்கொண்டால் அடுத்தது சுமார் 1100. டையோடு தன் பங்குக்கு 400இன் மூன்றாம் மடங்காக 1200ஐச் சேர்க்கும். அது 1100க்குப் பக்கத்தில் நின்று சண்டைபோடும். கூட்டலும் கழித்தலும் எதனோடும் பொருந்தாத இடங்களில் போய் விழும். கல்லில் இனித்தது பெடலில் தகர டப்பாவாகிவிடும். மடங்குகள் ஒழுங்காக அமைந்த ஒலியைத்தான் அழகாகக் கெடுக்க முடியும். தந்தி அப்படிப்பட்டது.

இந்தக் கெடுதலை முதலில் யாரும் திட்டமிட்டுக் கண்டுபிடிக்கவில்லை. 1961இல் வெளியான ஓர் அமெரிக்கப் பாடலில், ஒலிப்பதிவு மேசையின் டிரான்ஸ்பார்மர் பழுதாகிக் கிராடி மார்ட்டினின் கிட்டார் உறுமியது. அந்த உறுமலுக்கே ரசிகர்கள் சேர்ந்தார்கள். 1964இல் லண்டனில் டேவ் டேவிஸ் என்ற இளைஞர் அந்த உறுமலுக்காக வேண்டுமென்றே தன் ஒலிபெருக்கியின் கூம்பைப் பிளேடால் கிழித்தார். பெட்டிகள் அதற்குப் பிறகு பெருகின. இன்றைய மலிவுப் பெடல்களில் பெரும்பாலானவற்றின் மூதாதை, ஜப்பானியப் பொறியாளர் சுசுமு தமூரா வடிவமைத்து 1979இல் வந்த ஐபனெஸ் டியூப் ஸ்க்ரீமர். ஒன்பது வோல்ட் பேட்டரி, அலையைப் பெரிதாக்கும் ஓர் ஓபாம்ப் சில்லு, இரண்டு டையோடு, கொஞ்சம் ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும். விலை குறைந்த நகலும் மூலமும் வரைபடத்தில் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே 'மூக்கால் பாடுவது' நகலின் கோளாறு இல்லை. மூலமும் அப்படித்தான் பாடும்.

அப்படிப் பாடச் செய்வது 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றும் 0.047 மைக்ரோபாரட் கெப்பாசிட்டர் ஒன்றும். இரண்டும் சேர்ந்து போடும் எல்லைக்கோடு சுமார் 720 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே இறங்க இறங்கப் பெருக்கம் குறையும். கிட்டாரின் தடித்த தந்தி 82, மெல்லிய தந்தி 330. திறந்த தந்திகள் ஆறுமே கோட்டுக்குக் கீழே இருக்கின்றன! டையோடைத் தாண்டியதும் இன்னொரு வடிகட்டி, 720க்கு மேலுள்ளதைக் குறைக்கிறது. கீழும் மேலும் நறுக்கிவிட்டால் மிஞ்சுவது நடுப்பகுதிதான்.

இது கஞ்சத்தனம் இல்லை. கனமான அடிச்சுரத்தை முழுதாக டையோடுக்குள் அனுப்பினால் மேல் சுரங்கள் எல்லாம் அதன் மீதேறி ஆடும், ஒலி சேறாகும். தமூராவின் கணக்கு டிரம்ஸும் பேஸும் உள்ள மேடைக்குப் பொருந்தும். தனியாக வீட்டிலோ, கீபோர்டு மட்டும் துணையிருக்கும் சிறு குழுவிலோ வாசிப்பவருக்கு அது ஒல்லியாகத் தோன்றுவது இயல்பு. அவர் 0.047ஐ எடுத்துவிட்டு 0.1 மைக்ரோபாரட் போடலாம். கோடு 340க்கு இறங்கும், அடி கனம் உடனே தெரியும். 0.22 போட்டால் இன்னும் கனக்குமே என்று போகாதீர்கள். 154க்கு இறங்கியதும் சேறு தொடங்கிவிடும்.

அடுத்து டையோடு. இரண்டில் ஒன்றின் ஒரு காலைக் கழற்றி, அதோடு வரிசையாக அதே திசையில் இன்னொரு சிலிக்கன் டையோடை (1N4148) சேர்த்துப் பற்றவைத்தால், ஒரு பக்க வரம்பு 0.6 ஆகவும் மறுபக்கம் 1.2 ஆகவும் ஆகும். முன்பு சொன்ன இரட்டைப்படை மடங்குகள் உள்ளே வர இந்த இரண்டு ரூபாய் போதும். பாஸ் நிறுவனம் 1977இல் வெளியிட்ட தன் ஓவர்டிரைவ் பெடலிலேயே இந்தச் சமனற்ற முறையைக் கையாண்டிருக்கிறது. இரண்டு டையோடுக்கும் பதிலாகச் சிவப்பு எல்.இ.டி. போடுவோரும் உண்டு. வரம்பு 1.7 வோல்ட் அருகே போவதால் ஒலி உரத்து, விரல் அழுத்தத்தின் ஏற்ற இறக்கம் தப்பிப் பிழைக்கும். மெதுவாக வாசித்தால் கரகரப்பே வராது என்பதால் பெடலின் வேலை பாதி போய்விடுகிறது என்பது என் எண்ணம். ஜெர்மானியம் டையோடு 0.3 வோல்ட்டிலேயே வழிக்கத் தொடங்கும். முனை மழுங்கிய வழிப்பு. வெயிலில் அதன் வரம்பு இன்னும் இறங்கும் என்பதைச் சித்திரை மாதக் கொடையில் வாசிப்பவர்கள் மனதில் வைக்க வேண்டும்.

அதிகம் பேசப்படுவது சில்லு மாற்றம். பழைய ஜே.ஆர்.சி. 4558 போட்டால்தான் அந்த நாதம் என்று அதைத் தேடி அலைபவர்கள் உண்டு. அந்தச் சில்லின் வெளியீடு ஒரு மைக்ரோநொடியில் சுமார் ஒரு வோல்ட் ஏறி இறங்க வல்லது. டையோடு ஒன்றரை வோல்ட்டுக்குள் கட்டிப்போட்ட 5,000 ஹெர்ட்ஸ் அலைக்குத் தேவை அதில் இருபதில் ஒரு பங்குதான். எந்த நல்ல ஓபாம்பும் இதைச் செய்யும். வெளியேறும் இடத்தில் உள்ள இரண்டு ரெசிஸ்டரை மாற்றினால் டியூப் ஸ்க்ரீமரின் பிற்கால மாடல் பழைய மாடலாகிவிடும் என்பதும் இந்த வகைதான். ஒரு சாதாரண ஆம்ப்பில் செருகினால் அந்த வித்தியாசம் காதுக்கு எட்டாது.

எட்டியதாகத் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. ஒரு பெடல் மற்றதைவிடக் கொஞ்சம் உரத்து ஒலித்தால் நம் காது அதை உரப்பு என்று சொல்லாது, 'நல்லா இருக்கு' என்று சொல்லும். உரப்பு கூடும்போது அடிச்சுரங்கள் நமக்குக் கூடுதலாகக் கேட்கின்றன. பிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933இலேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். எல்.இ.டி. மாற்றம் இவ்வளவு புகழ்பெற்றதில் பாதி இதனால் என்று சந்தேகிக்கிறேன். மாற்றிய பெடலையும் மாற்றாத பெடலையும் ஒரே உரப்புக்குக் கொண்டுவந்து, எது ஒலிக்கிறது என்று சொல்லாமல் இன்னொருவரை மாற்றிப் போடச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். 0.1 கெப்பாசிட்டர் இந்தச் சோதனையில் தேறும். கூடுதல் டையோடு பெரும்பாலும் தேறும். சில்லு தேறுவது கடினம்.

பெடலில் இருப்பது ஒன்பது வோல்ட், தைரியமாகத் திறக்கலாம். வால்வு ஆம்ப்பை அப்படித் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் முந்நூறு நானூறு வோல்ட் காத்திருக்கும். பெடலுக்கு அடாப்டர் வாங்கும்போது பெரும்பாலான பெடல்களுக்கு நடுமுனை எதிர்மின் என்பதைப் பார்த்து வாங்குங்கள். சார்ஜர் கடையில் சாதாரணமாக எடுத்துத் தருவது நேர்மாறாக இருக்கும். பலகையில் கால்கள் துளையில் இறங்காமல் மேலேயே ஒட்டிய நுண்பாகங்கள் இருந்தால், பழக்கமில்லாத கை அதைத் தொடாமல் மூடிவிடுவது நல்லது. இதையெல்லாம் முடித்த பிறகும் கையில் காசு மிஞ்சினால், சில்லுக்குச் செலவழிப்பதற்குப் பதில் மிதி சுவிட்சையும் ஜாக்குகளையும் கெட்டியானதாக மாற்றுங்கள். மலிவுப் பெடலில் முதலில் சாவது அவைதான், அதுவும் பாட்டின் நடுவில்.