எழுதாமல் விட்ட ஒரு வரி

ஒரு சர்வர் நின்றாலும் சேவை நிற்காதிருக்க, அதன் தகவலை இன்னொன்றிலும் உடனுக்குடன் நகலெடுத்து வைப்பார்கள். 2017 ஜனவரி 31-இல் கிட்லேப் நிறுவனத்தின் துணைச் சர்வர் பின்தங்கியது. மறுநகல் எடுக்கும் கட்டளை ஒன்றும் சொல்லாமல் காத்திருக்கும். இது அவர்களுடைய செயல்குறிப்பில் தெளிவாக இல்லை. பழுதென்று எண்ணிய பொறியாளர், துணைச் சர்வரில் இருப்பதாக நினைத்து முதன்மைச் சர்வரின் கோப்புகளை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிகாபைட்டில் எஞ்சியது 4.5. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு காரணத்துக்காக எடுத்த நகல்தான் கைகொடுத்தது.

நண்பர்களே, அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. என் தந்தை ஊர்க் குடிநீர் மோட்டாரை இயக்குபவர். எந்த வால்வு எந்தத் தெருவுக்கு என்பது அவர் தலைக்குள்தான் இருந்தது. அவர் காய்ச்சலில் படுத்தபோது கீழத்தெருவுக்கு இரண்டு நாள் தண்ணீரில்லை. தேறியதும், அவர் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதினேன். “மூணாவதைத் திறந்துட்டுத்தான் ரெண்டாவதை மூடணும், அதையும் எழுதிக்கப்பா” என்றார்.