நான்கு மீட்டர் படகும் நாற்பது சதவீத வரியும்

புது தில்லி: குடும்பத்துடன் ஏரியில் பாய் விரித்துச் செல்ல விரும்புபவர், காருக்குப் பின்னால் கட்டி இழுத்துச் செல்லக்கூடிய சிறு படகு ஒன்றை வாங்கினால், அதற்கு 40 சதவீத ஜிஎஸ்டி செலுத்த வேண்டும். அந்தப் படகை இழுத்துச் செல்லும் சிறிய பெட்ரோல் காருக்கு வரி 18 சதவீதம்தான்.

2025 செப்டம்பர் 3-ம் தேதி கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் வரி விகிதங்களை மாற்றியமைத்தபோது நேர்ந்த முரண்பாடு இது. அந்த மாதம் 22-ம் தேதி முதல், நீளம் 4 மீட்டருக்கும் என்ஜின் திறன் 1,200 சிசிக்கும் மிகாத பெட்ரோல் கார்களுக்கான வரி குறைந்தது. துடுப்புப் படகுகளுக்கும் 18 சதவீதமே விதிக்கப்பட்டது. ஆனால், "பொழுதுபோக்கு அல்லது விளையாட்டுக்கான படகுகள்' என்ற பிரிவு, பெரும் செல்வந்தர்களின் உல்லாசக் கப்பல்களோடு சேர்ந்து 40 சதவீதத்துக்கு உயர்ந்தது.

காரில் சிறியது, பெரியது என்று பேதம் பார்த்த அரசு, படகில் அதைப் பார்க்கவில்லை. இத்தனைக்கும் 2022 முதல் நடைமுறையில் உள்ள சுங்க அட்டவணையில் 7.5 மீட்டருக்கு மிகாத பாய்மரப் படகுகளுக்குத் தனி உட்பிரிவே இருக்கிறது. பிரிவு உண்டு, சலுகைதான் இல்லை.

இந்தப் படகுகள் ஆடம்பரப் பொருள்கள்தானா? இந்தியப் பாய்மரப் படகுச் சங்கங்களில் நெடுங்காலமாகப் புழங்கும் "எண்டர்பிரைஸ்' ரகம், 1956-ல் பிரிட்டனில் ஜாக் ஹோல்ட் வடிவமைத்தது. நீளம் 4 மீட்டருக்குச் சற்று அதிகம். பாய்மரம் நீங்கலாக எடை 100 கிலோவுக்குள் அடங்கும். நான்கு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம். இருவர் செலுத்தும் படகு இது. குழந்தைகளையும் அழைத்துச் செல்ல நினைப்பவர்களுக்கு, 1957-ல் இயன் புரோக்டர் வடிவமைத்த, 4.8 மீட்டர் நீளமுள்ள "வேஃபேரர்' போன்ற அகலமான படகே ஏற்றது.

குடும்பத்துக்கான படகைத் தேர்வு செய்யும்போது வேகத்தை விட நிதானமே முக்கியம். அடியில் உள்ள நடுப்பலகையை மேலே இழுத்துவிடும் வசதி இருந்தால், ஆழமற்ற கரையிலும் டிரெய்லரிலிருந்து படகை எளிதாக இறக்கலாம். பாய்மரத்தை இருவரே நிமிர்த்தி நிறுத்த முடிய வேண்டும். காற்று வலுத்தால் பாயைச் சுருக்கிக் கட்ட வழி இருக்க வேண்டும். கவிழ்ந்தாலும் மூழ்காமல் மிதக்க, படகினுள் காற்றறைகள் அவசியம். முதல் படகைச் சங்கங்களில் பழையதாக வாங்குவதே சிக்கனம். டிரெய்லரும் மோட்டார் வாகனச் சட்டப்படி ஒரு வாகனமே என்பதால், அதைப் பதிவு செய்யவும் மறக்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, படகில் ஏறும் ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு மேலங்கி வேண்டும். 2024 ஜனவரியில் வதோதராவின் ஹர்ணி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் உயிரிழந்தனர். மாணவர்களில் பெரும்பாலோர் மேலங்கி அணிந்திருக்கவில்லை.

நாடாளுமன்றம் இத்தகைய படகுகளை முற்றிலும் மறந்துவிடவில்லை. 1917-ம் ஆண்டுச் சட்டம் இயந்திரப் படகுகளை மட்டுமே கவனத்தில் கொண்டிருந்தது. அதற்கு மாற்றாக 2021-ல் நிறைவேறிய உள்நாட்டுக் கலங்கள் சட்டம், இயந்திரமில்லாப் படகுகளுக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கி, அவற்றைப் பதிவு செய்யும் பொறுப்பை உள்ளாட்சி அமைப்புகளிடம் ஒப்படைக்க வழி செய்தது.

சுற்றுச்சூழல் கண்ணோட்டத்திலும் பாய்மரத்துக்கே நியாயம் அதிகம். போபாலின் பெரிய ஏரியில் உல்லாசக் கப்பலையும் மோட்டார் படகுகளையும் நிறுத்துமாறு 2023 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. காற்றில் ஓடும் படகு நீரில் எண்ணெய் சிந்துவதில்லை. அதே போபாலில் பயிற்சி பெற்ற நேஹா தாக்குர்தான், அந்த மாதமே ஹாங்ஜௌ ஆசிய விளையாட்டில் பாய்மரப் படகுப் போட்டியில் வெள்ளி வென்றார். கடற்கரையே இல்லாத மத்தியப் பிரதேசத்துக்கு ஏரி தந்த பதக்கம் அது.

வரியைக் குறைக்கப் புதிய சட்டம் தேவையில்லை. கவுன்சிலின் பரிந்துரையும் ஓர் அறிவிக்கையும் போதும். 7.5 மீட்டர் என்ற எல்லைக்கோட்டை அரசின் அட்டவணையே வரைந்து வைத்திருக்கிறது. காருக்குக் காட்டிய அளவுகோலைப் படகுக்கும் காட்டுவதுதான் மிச்சம்.